காய்ச்சலுக்குக் காத்திருந்த நான்கு நாட்கள்

என் மகள் ஷீபாவின் பனிக்குடம் உடைந்த நேரத்தில் நான் சித்தூரில் ஏழு அமெரிக்கர்களுக்கு ராகிச் சங்கடியை மெல்லாமல் விழுங்குவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணி. அந்தக் கேழ்வரகுக் களி உருண்டையில் குழி செய்து, நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றி, ஒரு விள்ளலைத் தோய்த்து நாக்கில் வைத்தால் அது தானாக இறங்க வேண்டும். பாப் என்கிற ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் மென்றுகொண்டே இருந்தார். "அது இன்னா சூயிங்கம்மா சார், முழுங்கச் சொல்லுங்க அவர" என்றான் எங்கள் வேன் ஓட்டுநர் முனிரத்தினம். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அப்போது கைப்பேசி அதிர்ந்தது. அமெரிக்காவில் விடியற்காலை இரண்டரை மணி. அந்த நேரத்தில் மனைவி கூப்பிட்டால் நல்ல செய்தியாக இருக்காது.

"ஷீபாவுக்குத் தண்ணி ஒடஞ்சிடுச்சிங்க" என்றாள் சுகந்தி. "ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு கீறோம். ஆல்வின்தான் வண்டி ஓட்றாரு."

பதினெட்டாவது வாரம். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கும் மருமகன் ஆல்வினுக்கும் இது முதல் குழந்தை. தேதிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்றுதான் நான் இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சித்தூர்க்காரன். இருபத்திரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவின் தென்பகுதி மாநிலம் ஒன்றில் இருக்கிறேன். பள்ளிப் பேருந்துகளுக்கு வழித்தட அட்டவணை போடுவது என் வேலை. மாநிலத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று ஷீபா கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. சித்தூரில் எங்கள் தாத்தா காலத்து மிஷன் சபைக்கு ஆண்டு விழா. அமெரிக்காவில் நான் ஞாயிறுதோறும் போகும் சபையிலிருந்து ஏழு பேர் விழாவுக்கு வர விரும்பினார்கள். அவர்களை அழைத்து வந்து, போகும் இடமெல்லாம் தமிழை ஆங்கிலமாகவும் ஆங்கிலத்தைத் தமிழாகவும் மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. ஏழு பேரும் என்னைச் சாம் என்பார்கள்.

அன்று மாலை சபை மண்டபத்தில் சிறுவர்கள் பாட்டுப் பாடினார்கள். நான் என்ன மொழிபெயர்த்தேன் என்று நினைவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சுகந்தி மறுபடி கூப்பிட்டாள். அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தார்கள். எனக்குப் புரியவில்லை. பனிக்குடம் உடைந்தவளை யாராவது வீட்டுக்கு அனுப்புவார்களா?

"கொழந்த பொழைக்காதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க" என்றாள். "ஆனா இதயம் துடிக்குதாம். துடிக்கறவரைக்கும் அவங்க கை வைக்க முடியாதாம். காய்ச்சல் வந்தா உடனே வாங்கன்னு சொல்லி ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துருக்காங்க. நூறு புள்ளி நாலு. அதுக்கு மேல போனா வரணுமாம்."

"வரலைன்னா?"

"வரலைன்னா காத்திருக்கணும்."

சட்டம் எனக்குத் தெரியாததல்ல. கருக்கலைப்பு அரசியல் சாசனம் தரும் உரிமை அல்ல என்று 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ஒவ்வொரு மாநிலமும் தன் கோட்டைத் தானே கிழித்துக்கொண்டது. சில மாநிலங்களில் முன்பிருந்த உரிமையே தொடர்கிறது. எங்கள் மாநிலத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அனுமதி. எவ்வளவு ஆபத்து வந்தால் ஆபத்து என்பதைச் சட்டம் சொல்லவில்லை. தவறாகக் கணித்த மருத்துவருக்கு என்ன தண்டனை என்பதை மட்டும் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே அவர்கள் காய்ச்சலுக்காகக் காத்திருந்தார்கள்.

நான் உடனே கிளம்புகிறேன் என்றேன். சுகந்தி தடுத்துவிட்டாள். "ஒரு நாள் முழுக்க வானத்துல இருப்பீங்க. போன் எடுக்காது. அங்கியே இருங்க. ரூத்துகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

ரூத் என் சித்தப்பா மகள். திருப்பதியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் மகப்பேறு மருத்துவர். அவளைக் கூப்பிட நினைத்தபோது வேன் கார்வேட்டிநகரத்துக்குக் கிளம்பத் தயாராக இருந்தது. அங்கே ஒரு கிராமச் சபையில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஏறிக்கொண்டேன்.

சித்தூரை விட்டு வெளியே வந்ததும் நின்றுவிட்டோம். மாம்பழக் காலம். கூழ் ஆலை ஒன்றின் வாசலிலிருந்து தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசையாக நின்றன. எதிரே வந்த ஒரு பேருந்து மீதிச் சாலையில் சிக்கிக்கொண்டது. முனிரத்தினம் எஞ்சினை அணைத்தான். ஏசியும் அணைந்தது.

"எத்தனை நேரமாகும்?" என்று பாப் கேட்டார்.

"இவங்கல்லாம் நேத்துலேந்து நின்னுக்கினு கீறாங்க சார்" என்றான் முனிரத்தினம். "காய் பழுத்துப் போவுது, கேட்டு தொறக்க மாட்டேங்கறான். நாம ஒரு மணி நேரத்துல பூடலாம். பர்வாலேது."

டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்த விவசாயி ஒருவர் பாப்பின் வெள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பழங்களை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டார். சாறு முழங்கை வரை வழிய பாப் தின்றார். அந்த நேரத்தில் ரூத்தைக் கூப்பிட்டேன். வேனுக்குள் என்னையும் முனிரத்தினத்தையும் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. அன்று அது எனக்கு ஒரு சுவர் போலப் பயன்பட்டது.

முழுவதையும் கேட்டுவிட்டு ரூத் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணா, எதுக்குக் காத்துக்கினு கீறாங்க?"

"காய்ச்சலுக்கு."

அவள் பக்கத்தில் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. பிறகு, "அது வந்துச்சின்னா அப்பறம் நம்ம கையில இல்ல அண்ணா. கிருமி ரத்தத்துல ஏறிட்டா மணிக்கணக்குதான். பதினெட்டு வாரத்துக்கு இங்க ஒரு டாக்டரு கையெழுத்து போதும். உயிருக்கு ஆபத்துன்னா வாரமே பாக்க வேணாம். பக்கத்துல வேற ஸ்டேட் எதுனா கீதா? கூட்டிக்கினு போவச் சொல்லு" என்றாள்.

சுகந்திக்கு அதைச் சொன்னேன். அடுத்த மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் திங்கட்கிழமை காலைதான் இடம் கிடைத்தது. காரில் ஆறு மணி நேரம். ஞாயிறு மாலை கிளம்புவதாக முடிவானது.

நான் கைப்பேசியை வைத்ததும் முன் இருக்கையிலிருந்து லிண்டா திரும்பினார். "வீட்டில் எல்லாம் நலமா, சாம்?"

"மகளுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை."

"அந்தக் குட்டிப் பாப்பாவுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன், தெரியுமா?" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

லிண்டாவுக்கு அறுபத்து நான்கு வயது. சுகந்திக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது பதினோரு நாள் எங்கள் வீட்டுக்குச் சூப் கொண்டுவந்தவர். எங்கள் ஊரில் கருக்கலைப்பு மருத்துவமனை இருந்த காலத்தில் சனிக்கிழமை காலைகளில் அதன் எதிரே தட்டி பிடித்து நின்றவரும் அவர்தான். அது மூடப்பட்ட பிறகு கர்ப்பிணிப் பெண்களுக்குத் துணியும் தொட்டிலும் சேர்த்துக் கொடுக்கிறார். ஒருநாள் ஆராதனை முடிந்து காப்பி வைக்கும் மேசையில் அவர் ஒரு அட்டையை நீட்டினார். புதிய சட்டத்தை ஆதரித்து எங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு அனுப்பும் அட்டை. எல்லோரும் போட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். காப்பி ஆறிவிடுமே என்பதைத் தவிர அப்போது என் மனதில் வேறொன்றும் இருந்ததாக நினைவில்லை.

அதனால்தான் அந்த வேனுக்குள் அவரிடம் உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை.

கார்வேட்டிநகரத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனோம். மாலை போட்டார்கள். இளநீர் வெட்டினார்கள். நான் ஒவ்வொரு அரைமணிக்கும் "எவ்வளவு?" என்று செய்தி அனுப்பினேன். சுகந்தியிடமிருந்து வெறும் எண் மட்டும் வரும். தொண்ணூற்றெட்டு புள்ளி ஒன்பது. தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு.

அன்று மாலை சித்தூர் திரும்பியதும் ஒரு தவறு செய்தேன். சபையில் ஜெபக்குழுவை நடத்தும் சாரோன் அக்காவிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அமெரிக்காவில் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே சொல்ல விரும்பாத கஷ்டம் இருந்தால் கையை மட்டும் தூக்கினால் போதும். 'சொல்லாத விண்ணப்பம்' என்பார்கள். யாரும் விவரம் கேட்க மாட்டார்கள். சித்தூரில் அது நடக்காது. யார், யாருடைய மகள், என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்பது வரை சீட்டில் இருக்க வேண்டும். மொட்டையாக எழுதினால், "இன்னான்னு தெரியாம கடவுள்கிட்ட இன்னாத்த கேக்கறது?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே எல்லாவற்றையும் எழுதினேன். இங்கே சீட்டு எழுதுவது பலிபீடத்தின் முன் வாசிக்கத்தான் என்பது இருபத்திரண்டு ஆண்டுகளில் எனக்கு மறந்து போயிருந்தது.

ஞாயிறு ஆராதனையில் போதகருக்குப் பக்கத்தில் இன்னொரு மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். முன்வரிசையில் ஏழு பேர். பின்னால் சபை நிறைய ஜனம். போதகர் சீட்டுகளைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. ஒருவருடைய மூட்டுவலி. ஒரு பையனின் வீசா. மூன்றாவது என்னுடையது.

"நம்ம சாமுவேல் மகள் ஷீபா, அமெரிக்காவுல, பதினெட்டு வாரக் கர்ப்பிணி, பனிக்குடம் உடைஞ்சிட்டது. குழந்தை பிழைக்காதுன்னு மருத்துவர் சொல்லியிருக்காங்க. ஆனாலும் அந்த ஊர் சட்டத்தினால சிகிச்சை செய்யாம வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க."

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மைக்கில் ஆங்கிலத்தில் சொன்னேன்: "தூர தேசத்தில் ஒரு சகோதரிக்கு உடல்நலமில்லை."

போதகர் நல்ல மனிதர். இரண்டு நாள் அலைச்சலில் நான் களைத்துப் போயிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். என் தோளில் கைவைத்து, தன்னுடைய செமினரி ஆங்கிலத்தில், நான் விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக அவரே எடுத்துச் சொன்னார். ஷீபா. பதினெட்டு வாரம். சட்டம்.

ஏழு தலைகளும் நிமிர்ந்தன. லிண்டாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து சாரோன் அக்கா எழுந்து நின்றார். எங்கள் சபையில் ஜெபத்துக்கு நடுவே கேள்வி கேட்கும் உரிமை அவர் ஒருவருக்கு உண்டு; யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டது. போதகரைப் பார்த்துக் கேட்டார்: "ஐயரே, கொழந்த தங்காதுன்னு தெரிஞ்சிக்கினு இன்னாத்துக்கு அந்தப் பொண்ண காக்க வெச்சிக்கினு கீறாங்க?"

"சட்டம் அப்படியாம், அக்கா."

"சட்டம் போட்டவன் வூட்ல பொம்பளைங்களே இல்லையா?"

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பாப் என் பக்கம் சாய்ந்து, "அந்த அம்மா என்ன கேட்டாங்க?" என்றார். இந்த முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

விழாச் சாப்பாடு ஆட்டிறைச்சி பிரியாணி. மண்டபத்தின் ஒரு மூலையில் எங்கள் எட்டுப் பேருக்கும் மேசை போட்டிருந்தார்கள். யாரும் இலையைத் தொடவில்லை. முதலில் பேசியவர் லிண்டா.

"சாம், இது நாங்க கேட்டது இல்ல. இது கருக்கலைப்பே இல்ல. இது வேற. எதுக்கோ பயந்துபோன டாக்டர் யாரோ சட்டத்தைத் தப்பாப் படிச்சிருக்காங்க."

"யாரும் தப்பாப் படிக்கல" என்றாள் கேட்டி. இருபத்தெட்டு வயது, எங்கள் மாநிலத்திலேயே ஒரு பிரசவ வார்டில் செவிலி. வந்த நாளிலிருந்து அதிகம் பேசாதவள். "நான் அந்த அறையில இருந்திருக்கேன். நாங்க நோயாளியப் பாக்கறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி வக்கீலுக்குப் போன் பண்றோம். வக்கீல் காய்ச்சல் எவ்வளவுன்னு கேக்கறார்."

பாப் இலையைத் தள்ளி வைத்தார். "எனக்குக் கருக்கலைப்பு பிடிக்காது. அதுக்காக ஒரு அரசாங்கம் ஆஸ்பத்திரி அறைக்குள்ள வந்து உக்காரணுமா? தேர்தல் நேரத்துல கருத்துக் கேட்டுப் போன் பண்றாங்க. ஆதரவா, எதிர்ப்பா, ஒண்ணை அழுத்துங்கறாங்க. நான் வெச்சிடுவேன். ரெண்டுல எது அழுத்தினாலும் அது நான் இல்ல."

அமெரிக்கர்களைப் பற்றி இந்தியாவில் இருப்பவர்கள் நினைப்பது போல அவர்கள் இரண்டு கட்சியாக எதிரெதிரே நிற்பவர்கள் அல்லர். தொலைக்காட்சியில்தான் அப்படி நிற்கிறார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் பெரும்பாலோர் நடுவில் எங்கேயோ தடுமாறிக்கொண்டு இருப்பவர்கள்: ஆரம்ப வாரங்களில் சரி, பிறகு வேண்டாம்; தாய்க்கு ஆபத்தென்றால் சரி; பலாத்காரமென்றால் சரி; எனக்குத் தெரிந்த பெண் என்றால் சரி. அந்த மேசையிலும் அப்படித்தான். ஷீபா என்று பெயர் வந்ததும் ஒவ்வொருவராக என் பக்கம் வந்தார்கள். ஒருவரைத் தவிர. டென்னிஸ் என்கிற கணக்காளர், எல்லோரும் பேசி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "மன்னிச்சுக்குங்க சாம். இதயம் துடிக்குதுன்னா நிறுத்தறது நம்ம வேலை இல்லைன்னுதான் எனக்கு இன்னும் தோணுது. உங்க மகளுக்காக ஜெபிக்கிறேன்." அவர் கண்ணில் நீர் இருந்தது. அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. ஆனால் ஷீபா தன் வயிற்றின் மேல் கைவைத்துக்கொண்டு இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்றும் ஒரு கணம் தோன்றியது.

லிண்டா எழுந்து வெளியே போனார். அமெரிக்காவில் அப்போது விடியற்காலை மூன்று மணிகூட ஆகவில்லை. சட்டத்தை எழுதியவர்களில் ஒருவரான எங்கள் பிரதிநிதியின் சொந்த எண் லிண்டாவிடம் இருந்தது. அவருக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனவர் லிண்டா. கழுவிக் கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவே நின்றுகொண்டு, எடுக்காத அந்த எண்ணில் நீண்ட நேரம் பேசிப் பதிவு செய்தார். ஷீபாவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

மறுநாள் விமானத்துக்காகத் திங்கட்கிழமை காலையே ஏழு பேரும் திருப்பதிக்குப் போவதாக இருந்தது. ஆறரை மணிக்குச் சுகந்தி சொன்னாள்: "கெளம்பிட்டோம். தொண்ணூத்தொம்போது புள்ளி ஆறு. பின்சீட்ல என் மடியில படுத்துக்கினு கீறா." அவர்களுக்கு அது ஞாயிறு இரவு எட்டு மணி. நானும் வேனில் ஏறினேன். பூமியின் இரண்டு பக்கங்களில் இரண்டு வண்டிகள்.

வழியில் காரம் தோசைக்கு நிறுத்தினோம். சிவப்பு மிளகாய் விழுதைத் தடவிய தோசையைக் கடித்துவிட்டுப் பாப் நாக்கை வெளியே தொங்கவிட்டார். "தீயணைக்கறவருக்கே தீ பிடிச்சிக்கிச்சி" என்றான் முனிரத்தினம். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரித்ததை இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

லிண்டாவுக்குப் பதில் வந்திருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அந்தக் குடும்பத்துக்காக ஜெபிப்பதாகவும், சட்டத்தில் விதிவிலக்கு தெளிவாகவே இருப்பதாகவும், முடிவெடுக்க வேண்டியவர்கள் மருத்துவர்கள் என்றும் பிரதிநிதி எழுதியிருந்தார்.

"மருத்துவர் சட்டத்தைக் காட்டறார். சட்டம் போட்டவர் மருத்துவரைக் காட்டறார்" என்றாள் கேட்டி.

லிண்டா கண்ணாடியைக் கழற்றவில்லை. பதிலை மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, "உங்க தங்கையை நான் பாக்கணும்" என்றார்.

மற்றவர்களை விடுதியில் இறக்கிவிட்டு லிண்டாவும் கேட்டியும் நானும் ரூத்தின் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மணி பத்து. வராந்தாவில் உட்கார இடமில்லை. ஸ்கேன் அறை வாசலில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது, கேட்பது குற்றம். லிண்டா அதை இரண்டு முறை படித்தார். அவர் ஊரில் அதைச் சொல்ல விருந்து வைப்பார்கள். கேக்கை வெட்டினால் உள்ளே நீலமோ ரோஜா நிறமோ தெரியும். "ஏன் சொல்லக் கூடாது?" என்று கேட்டார்.

"பொண்ணுன்னு தெரிஞ்சா வேணாம்னு வந்து நிப்பாங்க" என்றாள் ரூத், ஆங்கிலத்தில். "இங்கே எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு நெனச்சுக்காதீங்க மேடம். கல்யாணமாகாத பொண்ணு வந்தா, சட்டம் கேக்காத கையெழுத்தையெல்லாம் கேட்டுத் திருப்பி அனுப்பற டாக்டருங்க இருக்காங்க."

"ஷீபா இங்கே வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"போன மாசம் ஏர்பேடுல இருந்து வந்த பொண்ணுக்குச் செஞ்சதைத்தான். வெள்ளிக்கிழமையே."

"அதைக் கருக்கலைப்புன்னா சொல்வீங்க?"

ரூத் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். "படிவம் ஒண்ணுதான் மேடம். காரணத்துக்கு மட்டும் வேற வேற வரி."

லிண்டா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது என் கைப்பேசி அடித்தது. சுகந்தியின் குரல் வேறு மாதிரி இருந்தது. "நூத்தி ஒண்ணு புள்ளி எட்டுங்க. ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது."

ரூத் கைப்பேசியைப் பிடுங்கி ஒலிபெருக்கியில் போட்டாள். "அண்ணி, அவ கையப் புடிங்க. நாடி எண்ணுங்க. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை நிமிடம் ஆனதும் நிறுத்தச் சொன்னாள். சுகந்தி எண்ணிய கடைசி எண்ணைக் கேட்டு ரூத் கேட்டியைப் பார்த்தாள். கேட்டி தலையை இடவலமாக ஆட்டினாள்.

மாநில எல்லைக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பத்து நிமிட தூரத்தில் ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரி இருப்பதாக ஆல்வின் சொன்னான். ஆனால் நிறுத்த மறுத்தான். "இதுவும் அதே ஸ்டேட் மாமா. இங்கயும் திருப்பி அனுப்பிட்டா? எல்லையத் தாண்டிடறேன், வேகமாப் போறேன்." அவன் அழுதுகொண்டே ஓட்டுகிறான் என்று தெரிந்தது.

கேட்டி கைப்பேசியை வாங்கினாள். அதுவரை அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "ஆல்வின், நான் நர்ஸ். வண்டியை அந்த ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க. இப்ப அனுப்ப மாட்டாங்க. சட்டத்துக்குப் போதுமான அளவு அவ உடம்பு கெட்டாச்சு. வாசல்ல போய் மூணு விஷயம் சொல்லணும், அப்படியே சொல்லுங்க: பனிக்குடம் உடைஞ்சு மூணு நாள் ஆகுது. நூத்தி ஒண்ணு புள்ளி எட்டு. செப்சிஸ்னு பயப்படறோம். ரத்தத்துல கிருமி ஏறினதுக்கு அதுதான் பேரு, அந்தச் சொல்லை விட்டுடாதீங்க. உள்ளே எடுக்கிற வரைக்கும் வாசலை விட்டு நகராதீங்க."

திரும்பச் சொல்லச் சொல்லி, அவன் சொல்லி முடித்ததும்தான் விட்டாள். பிறகு அழைப்பு அறுந்தது.

ரூத் வெளியே போய் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினாள். நாங்கள் மூன்று பேரும் அவள் அறையிலேயே உட்கார்ந்திருந்தோம். ஆயாம்மா ஒருவர் மூன்று தம்ளர் காப்பி வைத்துவிட்டுப் போனார்.

"இதைச் சொல்லத் தெரியாத பொண்ணு என்ன செய்வா?" என்றார் லிண்டா. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. நான் ஆறுதல் சொல்லியிருக்கலாம். அந்த அட்டையில் என் கையெழுத்தும் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. என்னாலும் அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. கேட்டி மட்டும் எழுந்து போய் ஜன்னலருகே நின்றுகொண்டாள்.

இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிடம். நோயாளிகளுக்கு நடுவே ரூத் ஏழு முறை உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் நான் இல்லை என்று தலையசைத்தேன்.

பிறகு ஆல்வின் கூப்பிட்டான். வாசலில் அந்த மூன்று விஷயங்களையும் சொன்னதும் சக்கர நாற்காலி வந்துவிட்டதாம். இரவுப் பணியில் இருந்த மருத்துவர் யாருக்கும் போன் செய்யவில்லை. பிரசவம் முடிந்துவிட்டது. நிறைய ரத்தம் போயிருக்கிறது. மூன்று பாட்டில் ஏற்றுகிறார்கள். காய்ச்சல் இறங்கவில்லை, ஆனால் ஏறவும் இல்லை.

"பெண் குழந்தை, மாமா" என்றான். "கொஞ்ச நேரம் கையில குடுத்தாங்க."

ரூத் அவனிடம் ரத்த அழுத்தம், சிறுநீர், மருந்துகளின் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, "பொழச்சிக்குவா அண்ணா" என்றாள். நான் ஆறிப்போயிருந்த காப்பியை எடுத்துக் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவில் விமானம். ஏழு பேரும் என்னுடன் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றார்கள். பாப் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டிருந்தார். வரிசையில் பாதி தூரம் போயிருந்தபோது ஷீபா கூப்பிட்டாள். பனிக்குடம் உடைந்ததிலிருந்து அவள் குரலை நான் கேட்பது அதுதான் முதல் முறை.

"நைனா."

"சொல்லும்மா."

"சித்தூர் சர்ச்சுல என் பேர் வாசிச்சாங்களாமே. அம்மா சொன்னாங்க."

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் இடைமறித்தாள். அதைப் பற்றி அவளுக்குக் கோபமில்லை. மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "டாக்டரு வக்கீல கேட்டாங்க. அம்மா உங்கள கேட்டாங்க. நீங்க ரூத் அத்தைய கேட்டீங்க. சர்ச்சுல எல்லாரையும் கேட்டீங்க. லிண்டா ஆன்ட்டி அந்த ஆளக் கேட்டாங்களாம். நாலு நாள்ல ஒருத்தர்கூட என்னக் கேக்கல நைனா."

அது உண்மை. எத்தனை டிகிரி என்று நாற்பது முறை கேட்டிருப்பேன்.

"கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்ப?"

"வெள்ளிக்கிழமையே முடிச்சிடுங்கன்னு சொல்லியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இல்ல, இன்னும் ஒரு நாள் அவகூட இருக்கேன்னு சொல்லியிருப்பேன். தெரியல. ஆனா அது என்னக் கேட்டிருக்கணும்."

"ஆமாம்மா" என்றேன். வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் லிண்டா கைப்பையையும் செருப்பையும் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். "இப்பக் கேக்கறேன். ஒனக்கு என்ன வேணும்?"

"தூங்கணும். நீங்க எதுவும் பேச வேணாம். ஆனா கட் பண்ணாதீங்க."

சீருடைக்காரர் என்னிடம் தட்டை நீட்டி, கைப்பேசியை அதில் வைக்கச் சொன்னார். "ஃபோன் ட்ரேலோ பெட்டண்டி சார்."

தலையை அசைத்துவிட்டு வரிசையை விட்டு விலகினேன். பாப் திரும்பிப் பார்த்தார். போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். சுவரோரம் நின்றுகொண்டேன். ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, என் மகள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.